நடுவில் யாரும் வேண்டாம்

அத்தியாயம் 11

ஜிஷா பிரிண்ட் கடைக் கவுண்டருக்கு மேலாக எட்டி, வைகுண்டராஜனின் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினாள்.

அவன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தான். அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கடையின் வாட்ஸ்அப் திறந்து கிடந்தது. நாலு நிமிடத்துக்கு முன் அவள் தன் போனிலிருந்து அனுப்பிய இரண்டு கோப்புகள் அதில் இருந்தன. ஒன்று அவளே தட்டச்சு செய்த ஆட்சேபணை மனு. இன்னொன்று வாரிசுச் சான்று. இரண்டும் இன்னும் பிரிண்டருக்குப் போகவில்லை.

ஆனால் வேறோர் இடத்துக்குப் போயிருந்தன. பட்டியலில் அவள் பெயருக்கு நேர் மேலே 'முருகதாஸ் அத்தான்' என்றிருந்தது. அதைத் திறந்தாள். அதே இரண்டு கோப்புகள். பக்கத்தில் இரண்டு நீல டிக்.

பார்த்தாயிற்று. அவள் அண்ணன் முருகதாஸ் பார்த்தேவிட்டான்.

இனி அழித்துப் பயனில்லை என்று தெரிந்தே ஜிஷா அவற்றை ஒவ்வொன்றாக அழித்தாள். வரிசையில் நின்ற ரெண்டு பேர் ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"கை தவறிப் போயிருக்கும்" என்றான் வைகுண்டராஜன். "ஒரு நாளைக்கு எத்தனை ஃபைலு வருது, கேட்டியா?"

"மூணு தடவையுமா கை தவறும், ராஜன் அண்ணே?"

அவன் முகம் கறுத்தது. கடை தன்னுடையது, மவுஸ் தன்னுடையது, பொம்பள இப்படிக் கவுண்டரில் ஏறிச் சாடுவது நல்லாயில்லை என்று வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளைப் பார்த்துக் கேட்டான். "இந்தக் கடைய விட்டா மண்டைக்காட்டுல வேற எங்க போய் பிரிண்டு எடுப்ப நீ?"

"எங்க வீட்டுல" என்றாள் ஜிஷா.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மணி பத்தே கால். மூன்று மணிக்குக் கிராம அலுவலகத்தில் விசாரணை. அதற்குள் ஆட்சேபணை மனுவும் வாரிசுச் சான்றும் தாளாக அங்கே போய்ச் சேர வேண்டும். சேரவில்லையென்றால், 'தங்கைக்கு ஆட்சேபணை இல்லை' என்று முருகதாஸ் எழுதிக் கொடுத்ததே நிலைக்கும். அப்பா கட்டிய வீட்டின் பட்டா அவன் ஒருவன் பெயருக்கு மாறிவிடும்.

அப்பா இறந்து எட்டு மாதம். பதினாறு முடிந்த மறுநாளே முருகதாஸ் விடுதலைப் பத்திரத்தோடு வந்து நின்றான். அப்பா ஒன்றும் எழுதி வைக்கவில்லை, சீதனம் வாங்கிப் போன பெண் கையெழுத்துப் போட்டு ஒதுங்குவதுதான் ஊர் வழக்கம் என்றான். ஜிஷா போடவில்லை. அவள் கணவன் வழிச் சொந்தங்கள் சொன்னார்கள், போடவில்லை. கோயில் கொடைக்கு வந்த பெரியப்பா மகன்கள் சுற்றி உட்கார்ந்து சொன்னார்கள், அப்போதும் போடவில்லை.

போடாமல் இருப்பதற்கும் தாள் வேண்டியிருந்தது. முதல் முறை அவள் மனு எழுதி வைகுண்டராஜனுக்கு அனுப்பியபோது, அச்சடித்த தாளின் சூடு ஆறும் முன் முருகதாஸ் அவள் வீட்டு வாசலில் நின்றான். இரண்டாம் முறை பிரிண்டர் மதியம் வரை 'கேடாகி'க் கிடந்து, ஆபீஸ் பூட்டிய பிறகு சரியானது. வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொன்னபோதும் அவன்தான் பார்த்தான். ஒன்றுமில்லை, அப்பா பேரிலேயே சுத்தமாகக் கிடக்கிறது என்றான். அவள் நம்பினாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் சொன்னால் நம்புவதே ஊரில் எல்லோருக்கும் பழக்கம். வைகுண்டராஜன் முருகதாஸின் மனைவிக்கு உடன்பிறந்தவன் என்பதை மறந்துவிடுவதும் அந்தப் பழக்கத்தில் சேர்த்திதான்.

இடவப்பாதிப் பருவமழை தூறிக்கொண்டிருந்தது. ஜிஷா ரெயின்கோட்டைக்கூட மாட்டாமல் திங்கள்நகர் ரோட்டில் ஏறினாள்.

திங்கள்நகரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மத்தியாஸின் கடையில் பிரிண்டர்கள் புதுமணப் பெண்களைப் போல வரிசையாக அலங்கரித்து வைக்கப்பட்டிருந்தன. மத்தியாஸ் நேராகப் பெரிய கலர் மெஷினுக்கு அழைத்துப் போனார். உள்ளே நாலு நிற மை டப்பா, முன்னால் சின்னத் திரை. பிள்ளைக்கு பிராஜெக்ட், கல்யாண போட்டோ, எல்லாம் இதில் வரும் என்று ஆரம்பித்தார்.

ஜிஷா துணி தைக்கிறவள். பதினாலு வருடமாக மெஷின்களோடு வாழ்கிறவள். மெஷின் என்ன செய்யும் என்று அவள் கேட்கவில்லை. எப்போது மக்கர் பண்ணும் என்று கேட்டாள்.

மாதத்துக்கு நாலு தாள்தான் அடிப்பேன், சில மாதம் ஒன்றும் அடிக்க மாட்டேன், கடலில் இருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு, இது திறக்கும்போதெல்லாம் வேலை செய்யுமா என்றாள். மத்தியாஸ் தலையைச் சொறிந்தார். நேர்மையான மனிதர்தான், கேட்கிறவர்கள் கேட்டால்.

"மை மெஷின தெனமும் ஓட்டணும், தங்கச்சி. ரெண்டு மாசம் சும்மா கெடந்தா மை காஞ்சு வாய் அடைச்சுப் போவும். உங்களுக்குப் பவுடர் மெஷினுதான் சரி. அது வருசமானாலும் காயாது. ஆனா கறுப்பு மட்டுந்தான் வரும்."

"கறுப்பு போதும். நான் அடிக்கப் போறதுல கலருக்கு ஒரு வேலையும் இல்ல."

பவுடர் மெஷினில் மூன்று காட்டினார். முதலாவது சின்னது, விலையும் குறைவு. மேலே கண்ணாடி இல்லை. காப்பி எடுக்க முடியாது. ஒரு மனு கொடுத்தால் அதன் நகலில் சீல் வாங்கி வர வேண்டும், நகலுக்கு மறுபடியும் ராஜன் கடைப் படி ஏறவா என்று அதைத் தள்ளினாள். இரண்டாவதில் கண்ணாடி இருந்தது. ஆனால் போனில் ஒரு ஆப் போட்டு, மெயில் கொடுத்து, கணக்குத் திறந்தால்தான் அச்சடிக்கும்.

அந்தக் கணக்கு யாரிடம் இருக்கும் என்று கேட்டாள் ஜிஷா. கம்பெனிக்காரர்களிடம் என்றார் அவர். அடிக்கிற தாள் அவர்கள் வழியாகவா வரும் என்று கேட்டாள். மத்தியாஸ் சிரித்தார், அப்படியெல்லாம் யாரும் உங்கள் கடுதாசியைப் படிக்க மாட்டார்கள் என்றார்.

"எங்க ஊர்க் கடைக்காரனும் இதேதான் சொன்னான்" என்றாள். "எனக்கு போன் ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். நடுவுல யாரும் இருக்கப்படாது. அப்பிடி ஒண்ணு இருக்கா?"

மூன்றாவது அப்படித்தான் இருந்தது. சாம்பல் நிறம், பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. இண்டர்நெட் வேண்டாம். மெஷினே தனக்கென்று ஒரு வைஃபை விடும், போன் நேராக அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே கண்ணாடி. காப்பிக்குத் தனி பட்டன்.

ஜிஷா முன்மூடியைத் திறக்கச் சொன்னாள். தாள் எந்த வழியாகப் போகிறது, எங்கே வளைகிறது, சிக்கினால் கை உள்ளே போகுமா என்று குனிந்து பார்த்தாள். தையல் மெஷினில் நூல் போகும் வழி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானே புரியும். இதிலும் வழி நேராகத்தான் இருந்தது.

"பெட்டியப் பிரிங்க. நானே மாட்டுதேன். நீங்க கை வைக்காண்டாம், வாயும் திறக்காண்டாம். என் கையால ஒரு தாள் வெளிய வந்தாத்தான் எடுப்பேன்."

பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க முடியாது என்று மத்தியாஸ் முனகினார். கேபிளில் இருந்து ஆரஞ்சு நிற நாடா வரை எல்லாவற்றையும் அவளே கழற்றி, மாட்டி, போனைப் பிடிக்கவைத்தாள். பதினோராவது நிமிடத்தில் ஒரு தாள் வெளியே வந்தது. வாரிசுச் சான்று. அதில் அம்மா பெயர், அண்ணன் பெயர், மூன்றாவதாக அவள் பெயர்.

சூடாக இருந்தது. ஜிஷா அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்த காசை எடுத்துக் கொடுத்தாள். மழைக்காலத்தில் தாளை வெளியே வைத்தால் ஈரம் குடித்துச் சிக்கும், அரிசி போடுகிற மாதிரி மூடி உள்ள டப்பாவில் வையுங்கள் என்று மத்தியாஸ் வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

பெட்டியைச் சாக்குப் போட்டு மறைத்துக் கொண்டுபோயிருக்கலாம். ஊருக்குப் பின்பக்கமாகத் தோட்டத்து வழியும் இருந்தது. ஜிஷா பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, மேலே கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்கை மட்டும் சுற்றி, ஜங்ஷன் வழியாகவே வந்தாள். வைகுண்டராஜன் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். ஒரு ஹாரனும் அடித்தாள். கடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

சிவபிரசாத் டெம்போவை வாசலில் போட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்தான். பெட்டியைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். மனைவி வீட்டுச் சொத்துக்கு வாய் பிளக்கிறவன் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்பது அவனுக்கு எட்டு மாதக் கவலை. காலையில்கூட, மச்சானோடு மல்லுக்கு நிற்காதே, நமக்கு இருக்கிற கூரை போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இப்போதும் சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் பெட்டியை இறக்கினாள்.

"அங்க சாரல் அடிக்கும்" என்றான் சிவபிரசாத். ஸ்டூலைத் தூக்கிவந்து உள்சுவரோரம் போட்டான். "இஞ்ச வையி."

அவ்வளவுதான் சொன்னான். ஜிஷாவுக்கு அது போதுமாக இருந்தது. மனுவில் இரண்டு பிரதி எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். மணி ஒன்றரை.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது.

இறங்கியவள் பகவதியம்மாள். ஜிஷாவின் அம்மா. முருகதாஸோடு, அந்த வீட்டில், அவன் சோற்றில் இருக்கிறவள். எட்டு மாதமாக மகள் வீட்டுப் படி ஏறாதவள். குடை இல்லை. நரைத்த முன்முடியில் மழைத்துளி நின்றது.

ரேஷன் கார்டில் காப்பி எடுக்க வந்தேன் என்றாள். ஜிஷா நாற்காலி போட்டாள், சாயா போட்டாள். அம்மா இரண்டையும் தொடவில்லை. மெஷினையே பார்த்தாள். இதில் எடுக்கிற காப்பி ராஜன் கடைக்கும் போகுமா என்று கேட்டாள். போகாது என்றாள் மகள். உள்ளே ஒன்று பிடித்து வைத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். வைக்காது. எடுத்தது பிறகு யாருக்காவது தெரியவருமா என்று மூன்றாவதாகவும் கேட்டபோது, ஜிஷா அவளுக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ரேஷன் கார்டா கொண்டாந்திருக்க?"

பகவதியம்மாள் மடியிலிருந்து ஒரு துணிக்கடைக் கவரை எடுத்தாள். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் நாலாக மடித்த முத்திரைத்தாள்கள்.

"அவன் பீரோவுல கெடந்தது, மக்ளே. இண்ணைக்கு நாரோயிலு போயிருக்கான். ரெண்டு மணிக்கு வருவான். அதுக்கு முன்ன இது இருந்த எடத்துல இருக்கணும்."

பிறகு அவள் சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. அப்பா போன நாளிலிருந்து இந்தத் தாளை மகளிடம் காட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தாளாம். வாயால் சொன்னாலும் தூக்கிக் கொடுத்தாலும் அது யார் வேலை என்று அவனுக்குத் தெரிந்துபோகும், பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது. நகல் எடுக்கலாம் என்றால் ஊரில் இருப்பது ராஜனின் மெஷின் ஒன்றுதான். ஒருநாள் துணிந்து பஸ் ஏறிக் குளச்சலுக்குப் போனாளாம். கடை வாசல் வரை போய்விட்டாள். உள்ளே ராஜன் உட்கார்ந்து அந்தக் கடைக்காரனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படியே திரும்பிவிட்டாள். இன்று வீட்டுக்கு எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டில், ஜிஷா பிரிண்டர் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள்.

"கேட்ட ஒடனே செருப்புக்கூட மாட்டாம வந்தேன்."

ஜிஷா அப்போதுதான் கவனித்தாள். அம்மாவின் கால்கள் வெறுமையாக, செம்மண் அப்பிக் கிடந்தன.

மேல்தாளை விரித்தாள். 'தான செட்டில்மெண்ட் பத்திரம்' என்று ஆரம்பித்தது. அப்பாவின் பெயர். ஆறு வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதத் தேதி. கீழே எட்டாவது வரியில் கண் நின்றது. 'என்னுடைய மகள் ஜிஷாவாகிய உனக்கு.'

அவள் சிவபிரசாத்திடம் தாளை நீட்டினாள். அவன் வாசித்தான். வாசித்துவிட்டு, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

வீடு மூன்றில் ஒரு பங்கு இல்லை. முழுதும் அவளுடையது. ஆறு வருடமாக.

"அவனுக்குத் தோப்பு, ஒனக்கு வீடு" என்றாள் அம்மா. "ரெண்டையும் ஒரே நாளுல எழுதினாவ, ஒங்கிட்ட தன் காலத்துக்குப் பொறவு சொன்னாப் போதும்னாவ. தோப்ப அவன் வித்துத் தின்னாச்சு."

வில்லங்கத்தில் ஒன்றும் இல்லை என்று ராஜன் சொன்னானே என்று ஜிஷா கேட்கவில்லை. கேட்க இனி என்ன இருக்கிறது. முதல் தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து பட்டனை அழுத்தினாள். காப்பி வந்தது. இரண்டாம் தாளை வைத்தாள். மெஷின் ஒரு முறை முனகி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "போச்சா? பத்திரத்த இழுத்திட்டா?"

"பத்திரம் மேல இருக்கும்மா, ஒண்ணும் ஆவாது. அடியில வெறுந்தாளு சிக்கியிருக்கு." தாள் கட்டைப் பிரித்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் சாரல் குடித்துவிட்டது. மத்தியாஸ் சொன்னதைச் செய்ய அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

பகவதியம்மாளின் இடுப்பில் பட்டன் போன் அடிக்கத் தொடங்கியது. முருகதாஸ். யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

ஜிஷா முன்மூடியைத் திறந்தாள். பாபினில் சிக்கிய நூலை உருவுகிற அதே விரல்களால், கசங்கிய தாளைக் கிழியாமல் நேர்வழியாக உருவினாள். கட்டின் நடுவிலிருந்து காய்ந்த தாள் எடுத்து வைத்தாள். மூடினாள். விளக்கு பச்சையானது. இரண்டாம் பக்கம் வந்தது. மூன்றாவதை வைத்தாள்.

அது வெளியே வரும்போதே அவள் படித்தாள். அடிப்பகுதியை இன்னொரு முறை படித்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

வெளியே புல்லட் சத்தம்.

"நீ அடுக்களைக்குப் போம்மா" என்றாள் ஜிஷா. பத்திரத்தைக் கவரில் போட்டு சிவபிரசாத்தின் கையில் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தின் நகலை மட்டும் தானே வைத்துக்கொண்டாள்.

முருகதாஸ் செருப்போடு படி ஏறினான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அம்மை இஞ்ச வந்தாளா என்று கேட்டான். சிவபிரசாத் எழுந்து உள்கதவுக்கு முன்னால் நின்றுகொண்டான். நிற்கும் இடம் அதுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

முருகதாஸின் கண் சாம்பல் நிற மெஷினில் விழுந்தது. சிரித்தான்.

"இதுக்கா ராஜன் என்னைப் பாதி வழியில விளிச்சான்? நல்லா அடி, மக்கா. பத்து தாளு அடி, நூறு தாளு அடி. அப்பா எழுதி வைக்காதத இந்த மெஷினு எழுதித் தந்திருமா?"

"அப்பா ஒண்ணுமே எழுதி வைக்கலையா, அண்ணே?"

"ஒரு வரி எழுதல."

"ஒனக்குத் தெரியாம எழுதியிருப்பாவளோ?"

"எனக்குத் தெரியாம அப்பா எங்க போய் எழுதுவாரு?" என்றான் அவன். நெற்றியில் இட்டிருந்த அய்யாவின் நாமத்தின் மேல் கை வைத்தான். "அய்யா மேல ஆணையாச் சொல்லுதேன். அப்பிடி ஒரு பத்திரத்த நான் கண்ணால பாத்ததில்ல. மூணு மணிக்குப் போய் ஆட்சேபணை இல்லன்னு சொல்லிரு. கூடப்பொறந்தவன் காலத்துக்கும் ஒன்னப் பாத்துக்கிடுவேன்."

அடுக்களை வாசலில் பகவதியம்மாள் வந்து நின்றாள். முருகதாஸ் அவளைக் கண்டான். அவளுடைய சேறு படிந்த வெறுங்கால்களைக் கண்டான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஜிஷா நகலை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தாளில் இன்னும் சூடு இருந்தது. கடைசிப் பத்தியின் கீழ் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வதுபோல நிதானமாக வாசித்தாள்.

"எழுதிக் கொடுத்தது அப்பா. சாட்சிகள் ரெண்டு பேர். ஒண்ணு, பகவதியம்மாள். அடுத்த பேர நீ வாசி, அண்ணே."

அவன் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. இரண்டாம் சாட்சி என்ற இடத்துக்கு நேராக, ஐந்தாம் வகுப்பில் போடப் பழகி இன்றுவரை மாற்றாத அதே சாய்ந்த எழுத்தில், நீளமாக ஒரு கோடு இழுத்து அவன் போட்ட கையெழுத்து இருந்தது.

முருகதாஸ்.